பிரேமளா அக்காவின் நீல நோட்டு

எங்கள் ஊர் பத்து பாகாட்டில் தமிழ் ஆட்கள் யார் இறந்தாலும் அந்தச் செய்தி பிரேமளா அக்காவின் குரலில்தான் வரும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்படித்தான். யாரும் அவரை இதற்கு நியமிக்கவில்லை. கோயில் கமிட்டியிலும் அவர் இல்லை. ஆனால் வீட்டில் ஒருவர் கண்ணை மூடியதும் டாக்டருக்கு அடுத்தபடி அவரைத்தான் அழைப்பார்கள். மற்றவர்களுக்கு அவர் சொல்லிக்கொள்வார்.

அவர் கணவர் சிறீகாந்தன் அத்தானுக்கு சிங்கப்பூரில் வேலை. சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். மனைவி தொலைபேசியை எடுத்தாலே போதும்: "எமன் ஆபீஸ் ரிசெப்ஷனிஸ்ட் டியூட்டில ஏறியாச்சு. யாரும் தும்மாதீங்க!"

அக்கா எனக்குச் சொந்தம் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி இருக்கிறார். அவரைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. அவர் முப்பது ஆண்டுகளாகச் செய்த வேலையை நான் ஒரே ஒரு வாரம் பார்த்துக்கொண்டேன். அந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பழைய சாமான்களைக் கட்டிக்கொண்டு அழுகிற ஆள் இல்லை அக்கா. கைப்பேசி வந்ததும் அவர் வீட்டில் ஒவ்வொன்றாக வெளியே போனது. அலாரம் கடிகாரம் போனது. கால்குலேட்டர், டார்ச் லைட், கேமரா, ரேடியோ எல்லாம் போயின. சுவர்க் கடிகாரத்தில் பேட்டரி தீர்ந்து இரண்டு வருடம் ஆகிறது, மணி பத்து இருபதிலேயே நிற்கிறது. ராகு காலம் கைப்பேசியில், சமையல் குறிப்பு கைப்பேசியில், மத்தியானத்தில் மிட்டாய்களை வரிசையாக அடுக்கும் விளையாட்டும் அதில்தான். இரண்டை மட்டும் அவர் விடவில்லை. ஒன்று, கூடத்தில் இருக்கும் வெளிர்மஞ்சள் லைன் போன். இன்னொன்று, அதன் பக்கத்தில் கெட்டி அட்டை போட்ட நீல நோட்டு.

"கைப்பேசில துக்கம் சொல்லிட்டு இருக்கும்போதே நடுவுல டிங்குன்னு ஒரு மெசேஜ் வரும். அந்தப் பக்கம் அழுதுட்டு இருப்பாங்க, இந்தப் பக்கம் பீட்ஸா விளம்பரம். அசிங்கம் லா" என்பார்.

நோட்டு எப்படி வந்தது என்பதை அம்மா சொல்லித்தான் அறிந்தேன். இருவரும் ஒரே துணி ஆலையில் வேலை பார்த்தவர்கள். அம்மா சட்டைக்குக் காலர் தைக்கும் பிரிவில். அக்கா முன் அலுவலகத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுப்பவர். தொண்ணூற்றொன்றில் அக்காவுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு நாள் காலை சிகாமட்டிலிருந்து ஒருவர் அழைத்து, காலர் பிரிவில் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி அவசரம் என்றிருக்கிறார். அக்கா அப்படியே இணைப்பைக் கொடுத்துவிட்டார். லாரி விபத்தில் அந்தப் பெண்ணின் கணவர் இறந்த செய்தி அது. அம்மாவுக்குப் பக்கத்து மிஷின்காரி அவர். போனைக் கேட்டார், வைத்தார், திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்தார். மணி அடிக்கும்வரை பதினான்கு காலர் தைத்தார். பிறகு எழுந்து நின்று, "நான் இப்ப எங்க போகணும்?" என்று அம்மாவிடம் கேட்டாராம்.

மறுநாள் அக்கா ஒரு நீல நோட்டு வாங்கினார். ஆலையில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் துக்கச் செய்தி வந்தால் யார் மூலம் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதிக்கொண்டார். ஆலையை மூடிய பிறகும் நோட்டு வளர்ந்தது. இப்போது இருப்பது மூன்றாவது நோட்டு. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.

நான் இந்த ஆண்டு தொடக்கத்தில்தான் ஊர் திரும்பினேன். ஆறு ஆண்டுகள் வெளியே. நியூசிலாந்தில் ஆப்பிள் பறித்தேன், போர்ச்சுகலில் ஒரு தங்கும் விடுதியில் இரவுப்பணி பார்த்தேன், இடையில் எங்கெங்கோ. வந்து நான்கு மாதமாகியும் பையை முழுதாகப் பிரிக்கவில்லை. வேலையும் தேடவில்லை. அடுத்து எங்கே போகலாம் என்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதம் அக்காவுக்கு ஜொகூர் பாருவில் விழித்திரை அறுவைச் சிகிச்சை. முடிந்ததும் ஒரு வாரம் தங்கை வீட்டில் குப்புறப் படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் நோட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஒரு வாரந்தான். இந்த ஒரு வாரத்துல யாரும் போக மாட்டாங்க. அப்படிப் போனா நீ சொல்லணும். உன் நம்பரத்தான் எல்லார்கிட்டயும் குடுத்திருக்கேன்."

"வாட்ஸ்அப்ல போட்டா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும்க்கா."

"போடு. மொதல்ல சொல்லு, அப்புறம் போடு. பேருக்குப் பக்கத்துல பென்சில்ல குறி இருக்கும். முக்கோணம் இருந்தா..."

"அக்கா, பதினாலு நாடு தனியா சுத்திட்டு வந்திருக்கேன். ஒரு போன் புக் பாக்கத் தெரியாதா எனக்கு?"

அக்கா சிரித்தார். "சரி லா, பதினாலு நாடு" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

இரண்டு மத்தியானம் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்களையும் கைப்பேசியில் ஏற்றினேன். பெயர்களுக்குப் பக்கத்தில் முக்கோணம், காது, மோட்டார் சைக்கிள், மூக்குக் கண்ணாடி என்று பிள்ளைகள் கிறுக்குவது போல ஏதேதோ இருந்தன. அவற்றை விட்டுவிட்டேன். கைப்பேசியில் அதற்கு இடமும் இல்லை. பல எண்கள் தவறாக இருந்தன, அதாவது தவறு என்று நான் நினைத்தேன். ஒருவருடைய பெயருக்கு நேரே வேறு யாருடைய எண்ணோ இருந்தது. அம்மாவின் கைப்பேசியிலும் கோயில் பட்டியலிலும் தேடி முப்பத்தொரு எண்களைத் திருத்தினேன். அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மணி வரைந்து குறுக்கே கோடு போட்டிருந்தது. பழைய லைன் போனைத் துண்டித்துவிட்டார்கள் என்று அக்கா குறித்திருப்பதாக எண்ணி, அம்மாவின் கைப்பேசி எண்ணைப் போட்டேன். கடைசிப் பெயர் முடிந்ததும் நோட்டை மூடி வைத்தேன்.

வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ஷாந்தினி அழைத்தாள். அவள் அப்பா ஏரம்பமூர்த்தி, நில அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குளியலறையில் விழுந்து இறந்துவிட்டார். மின்சுடலையில் அன்று மூன்று மணிக்கு ஓர் இடம் இருந்தது. வெள்ளிக்கிழமை இடம் இல்லை. சனிக்கிழமைப் பிணம் துணை தேடும் என்று வீட்டில் யாரும் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஆகவே அன்றே எடுப்பதாக முடிவு.

"அப்பாவோட நல்ல படம் ஒண்ணு அனுப்பு" என்றேன். ஒரு கல்யாணத்தில் பூப்போட்ட பாத்தேக் சட்டையில் வாய்விட்டுச் சிரிக்கும் படம் வந்தது. அதைச் சுற்றி மல்லிகை வளையம் போட்டு, அடியில் காலமானார் என்றும் நேரமும் இடமும் சிறிய எழுத்தில் எழுதி ஓர் அட்டை செய்தேன். எல்லாரையும் ஒரே குரூப்பில் போட முடியாது, பாதிப் பேருக்கு மீதிப் பேரோடு பேச்சு இல்லை. ஐந்து ஐந்து பேராக நாற்பத்து மூன்று முறை அனுப்பினேன். ஏழரைக்குள் முடிந்தது. கூப்பிய கைகளும் அழும் முகங்களும் வரிசையாக வந்தன. அக்கா ஒரு நாள் முழுக்கச் செய்கிற வேலையை நான் பல் தேய்ப்பதற்குள் முடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பதில்களுக்கு நடுவே மூவாரிலிருந்து தங்கரத்தினம் ஆன்ட்டி ஒன்று அனுப்பியிருந்தார். இறந்தவருக்கு மூத்த சகோதரி, எழுபத்தெட்டு வயது. ஐந்து மெழுகுவத்தி எரியும் பிறந்தநாள் கேக், பக்கத்தில் ஒரு சிவப்பு ரோஜா. விரல் தவறி அழுத்திவிட்டார் என்று எண்ணினேன். கொஞ்சம் சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்பது மணிக்கு ஷாந்தினி கேட்டாள், "அத்தைக்குச் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு. பாத்துட்டாங்க" என்றேன். இரண்டு நீல டிக் விழுந்திருந்தது. அதைத்தான் சொன்னேன்.

பன்னிரண்டரைக்கு நான் அங்கே போனபோது கூடத்தில் ஐயர் வேலையைத் தொடங்கியிருந்தார். தட்டில் வாய்க்கரிசி தயாராக இருந்தது. ஷாந்தினி என்னை ஓரமாக இழுத்தாள். "அத்தை யாரு கூட வராங்க? இன்னும் காணோமே. அவங்க அரிசி போடாம எப்படி எடுக்கிறது? அப்பாவ எடுத்து வளத்ததே அவங்கதான்."

கைப்பேசியைத் திறந்தேன். அந்தக் கேக்கை இரண்டாவது முறை பார்த்தேன். இந்த முறை புரிந்தது. அவர் செய்தியைப் படிக்கவே இல்லை. தம்பியின் சிரித்த முகத்தையும் சுற்றிப் பூவையும் மட்டும் பார்த்திருக்கிறார்.

வீட்டின் பின்பக்கம் போய், எரிவாயு உருளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஜொகூர் பாருவுக்கு அழைத்தேன். தங்கை காதருகே பிடித்துக்கொள்ள, தலையணைக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"தங்கரத்தினம் ஆன்ட்டிக்கு எப்படிச் சொன்ன?"

"மெசேஜ் அனுப்பினேன்."

"எந்த நம்பருக்கு?"

"அவங்க நம்பருக்குத்தான். நோட்டுல தப்பா இருந்துச்சு. மாத்திட்டேன்."

"தப்பு இல்லம்மா அது. ஆரிஃபா நம்பர். ஆன்ட்டி வீட்டுக்குக் கீழ சாப்பாட்டுக் கடை வச்சிருக்காங்க. முக்கோணம் போட்டிருப்பேனே, நேரா சொல்லக் கூடாதுன்னு. பக்கத்துல கண்ணாடி வரைஞ்சிருப்பேனே. அவங்களுக்குப் படம் தெரியும், எழுத்து தெரியாது. கண்ணு மங்கிப் போச்சு."

"குறி எதையும் நான் ஏத்தலக்கா."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நம்பர் சொல்றேன், எழுதிக்க" என்றார். முகத்தைத் தலையணையில் புதைத்தபடி பத்து இலக்கங்களையும் தடுமாறாமல் சொன்னார். "ஆரிஃபாகிட்ட மட்டும் பேசு. ஆன்ட்டிக்கு அடிச்சிராத. மத்தது ஆரிஃபாவுக்குத் தெரியும்."

ஆரிஃபா அக்கா எடுத்தபோது பின்னால் கரண்டிச் சத்தம். நான் சொல்லி முடித்ததும் சத்தம் அடங்கியது. யாரையோ அதட்டி நிறுத்தியிருக்க வேண்டும்.

"யா அல்லா... இப்பதானே டீ குடிச்சிட்டு மேல போனாங்க. தம்பிக்குப் பொறந்தநாளாம், யாரோ படம் அனுப்பியிருக்காங்கன்னு சொல்லி, எங்க பொண்ணு ஆப்ரினுக்கு குவே பலகாரம் வாங்கிக் குடுத்துட்டுப் போறாங்க. யாரும்மா அந்த மாதிரி மெசேஜ் அனுப்புனது?"

"தெரியல" என்றேன்.

அன்று நான் சொன்ன முதல் பச்சைப் பொய் அது. கடைசிப் பொய்யும் அது இல்லை.

ஆரிஃபா அக்கா கடையைப் பாதியில் விட்டுவிட்டு மேலே போயிருக்கிறார். இதைப் பிறகு அவரே சொன்னார். முதலில் மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டு, இரண்டு வாய் சோறு சாப்பிட வைத்து, "மூர்த்தி அண்ணனுக்கு ஒடம்பு முடியலையாம், ஒரு எட்டு பாத்துட்டு வந்துரலாம்" என்று காரில் ஏற்றினாராம். மூவாரிலிருந்து பத்து பாகாட் வர ஒரு மணி நேரம் ஆகும். வழியில் பாரிட் ஜாவா ஊரைத் தாண்டும்வரை ஆன்ட்டி ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே, "போயிட்டான் இல்ல?" என்றாராம். ஆரிஃபா அக்கா காரை ஓரம் கட்டி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமாக்கா" என்றிருக்கிறார்.

இரண்டு மணிக்கு வீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். மின்சுடலையில் நேரம் தவறினால் அடுத்த குடும்பம் வந்துவிடும். ஷாந்தினி ஒரு பிடி வாய்க்கரிசியைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தாள். கார் வந்தபோது மூன்று ஆக எட்டு நிமிடம். பெட்டியை மறுபடி திறக்கச் சொல்லிக் கெஞ்சினாள். திறந்தார்கள். ஆன்ட்டி ஆரிஃபா அக்காவின் தோளைப் பிடித்தபடி நடந்து வந்து, தம்பியின் உதட்டைத் தடவிப் பார்த்து இடம் கண்டு, மூன்று முறை அரிசி போட்டார். சத்தமாக அழவில்லை. வீட்டில் அவருக்காகப் பாய் போட்டு வைத்திருந்தார்கள். தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து அழ வேண்டிய ஒரு காலைப்பொழுது முழுவதும் அவர் பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தபோது அவர் என் பக்கமாக வந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. இளம்பெண் ஒருத்தி கையில் கைப்பேசியோடு நிற்கிறாள் என்பது மட்டும் தெரிந்திருக்கும்.

"அம்மா, ஒரு ஒத்தாசை பண்றியா? காலைல யாரோ மூர்த்தி படம் அனுப்பியிருந்தாங்க. அதுக்கு நான் ஒண்ணு அனுப்பிட்டேன். அத அழிச்சிரும்மா. ஷாந்தினி பாத்தா என்ன நெனப்பா?" அவர் குரல் தாழ்ந்தது. "ஆரிஃபாகிட்டக்கூட இத அழிக்கச் சொல்ல வெக்கமா இருக்கு."

அவருடைய கைப்பேசியை வாங்கினேன். அதில் பெயர் பதியாமல் இருந்த எண் என்னுடையது. கேக்கை அழுத்திப் பிடித்து, எல்லாரிடமிருந்தும் நீக்கு என்பதைத் தொட்டேன். என் பையில் என் கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது.

"அழிஞ்சிருச்சா? யாரும் பாக்கலையே?"

"யாரும் பாக்கல ஆன்ட்டி."

"நல்லாருப்பம்மா" என்று என் தலையில் கை வைத்தார்.

அடுத்த வாரம் அக்கா திரும்பி வந்தார். ஒரு கண் சிவந்து வீங்கியிருந்தது. நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். நான் திறந்தே பார்க்காத பக்கம். ஒவ்வொரு குறியும் வரைந்து, எதிரே அச்சடித்தது போன்ற கையெழுத்தில் விளக்கம். காது: இடது பக்கம் கேட்காது, மெல்லப் பேசு. மோட்டார் சைக்கிள்: காலையில் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் போகிறவர், ஒன்பதுக்கு முன் அழைக்காதே, வண்டியில் இருப்பார். புள்ளி: இவருக்கு முதலில் சொல்லாவிட்டால் வர மாட்டார்.

குறுக்கே கோடு போட்ட மணியைத் தேடினேன். ஏழாவது வரியில் இருந்தது. "போன் அடிக்கக் கூடாது. நேரில் போய்ச் சொல். பிள்ளை வெளிநாட்டில். மணி அடித்தாலே பிள்ளைக்கு என்னவோ என்று நடுங்குகிறார்."

ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்கு மட்டும் அக்கா போன் செய்ததில்லை. மூன்று வீடு நடந்து வந்து, வாசலில் நின்று முதலில் "உங்க மக நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் இறந்தவர் பெயரைச் சொல்வாராம். அம்மா இதை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நானோ அந்த நாட்களில் மாதத்துக்கு ஒருமுறை ஒரு மலைப் படத்தை அனுப்பிவிட்டு, நீல டிக் விழுந்ததும் கைப்பேசியை மூடிவிடுவேன்.

கேக்கைப் பற்றி அக்காவிடம் சொன்னேன். மின்சுடலையில் சொன்ன பொய்யையும் சொன்னேன். "நீங்களே ஆன்ட்டிகிட்ட பேசிருங்கக்கா. உங்களுக்குத்தான் பக்குவமா சொல்ல வரும்."

"நான் சாவத்தான் லா சொல்லுவேன்" என்றார் அக்கா, கண்ணில் மருந்தை விட்டுக்கொண்டே. "இது உன்னோடது."

சனிக்கிழமை மூவாருக்குப் பஸ் ஏறினேன். ஆரிஃபா அக்காவின் கடைக்குப் பக்கத்துப் படியில் ஏறிப் போனபோது தங்கரத்தினம் ஆன்ட்டி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குரலை வைத்து என்னை அடையாளம் கண்டார். "சுடலையில பாத்த பொண்ணுதானே? வா, வா" என்றார். நான் உட்காரவில்லை. அந்தப் படத்தை அனுப்பியது நான்தான் என்றேன். ஆரிஃபா அக்காவுக்குச் சொல்ல வேண்டியதை நோட்டைச் சரியாகப் பார்க்காமல் அவருக்கு அனுப்பினேன் என்றேன். தப்பு என்னுடையது, அவர் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றேன்.

அவர் கீரையைக் கீழே வைத்தார்.

"அவன் பொறந்தது மாசி மாசம். எனக்குத் தெரியும். அந்தப் படத்தப் பாத்ததும், எனக்குத்தான் புத்தி மாறிப் போச்சு, தம்பி பொறந்தநாளையே மறந்துட்டேன்னு நெனச்சேன். மறந்தது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு அவசர அவசரமா அனுப்பினேன்." முகத்தை என் பக்கம் திருப்பினார். "அப்போ, நீ அதப் பாத்தியா?"

"பாத்தேன்."

"காலையிலேயே பாத்தியா?"

"ஆமா ஆன்ட்டி."

"சிரிச்சியா?"

பஸ்ஸில் வரும்போது நான் பலவற்றுக்குப் பதில் யோசித்து வைத்திருந்தேன். இதற்கு யோசிக்கவில்லை.

"சிரிச்சேன்."

கீழே கடையில் யாரோ தே தாரிக் டீ இரண்டு என்று கத்தினார்கள். ஆன்ட்டி கீரைக் கட்டை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விரலால் தடவித் தடவிப் பழுத்த இலைகளைக் கிள்ளினார்.

"மூர்த்தியும் சிரிச்சிருப்பான்" என்றார். பிறகு, "அவன் சிரிக்கலாம்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"போறப்போ கதவச் சாத்திட்டுப் போம்மா" என்றார்.